சிடி ஒன்று சொல்கிறது, எம்ஆர்ஐ வேறொன்று சொல்கிறது: அம்மாவுக்கு இருப்பது கல்லீரல் புற்றுநோயா?

வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சாரம் இது. அவருடைய அம்மாவுக்கு 61 வயது. ஹெப்படைட்டிஸ் சி வைரஸால் வந்த சிரோசிஸ், அதாவது கல்லீரல் சுருக்க நோய். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு மாத்திரை சாப்பிட்டு வைரஸ் முழுவதும் போய்விட்டது. அதன் பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்டும் ஏஎஃப்பி என்ற ரத்தப் பரிசோதனையும் (கல்லீரல் புற்றுநோயில் கூடக்கூடிய ஒரு புரதத்தை அளப்பது) விடாமல் எடுத்துவருகிறார்கள். போன முறை ஒன்றுமில்லை என்று வந்தது. இந்த முறை அல்ட்ராசவுண்டில் 13 மி.மீ. அளவில் ஒரு கட்டி. இரண்டு வாரம் கழித்து எடுத்த சிடியில் அது 16 மி.மீ.; அறிக்கையின் கடைசி வரி 'எல்ஆர்-3'. அதற்கும் மூன்று வாரம் கழித்து எடுத்த எம்ஆர்ஐயில் 17 மி.மீ., 'எல்ஆர்-4'. ஏஎஃப்பி 9, போன முறை 4. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் 82,000. வயிற்றில் நீர் இல்லை, மஞ்சள் காமாலையும் இல்லை.

வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. ஏஎஃப்பி நார்மல், வைரஸும் போய்விட்டது, அதனால் புற்றுநோயாக இருக்காது என்கிறார் அண்ணன். பெட் ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும் என்கிறார் சித்தப்பா. ஊசி குத்தினால் பரவிவிடும், பயாப்சி பேச்சையே எடுக்கக் கூடாது என்கிறார் பெரியம்மா. மருத்துவரோ, மூன்று மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுப்பதா, இப்போதே பயாப்சியா என்று மருத்துவர்கள் குழுவில் பேசி முடிவு செய்வோம் என்றிருக்கிறார். "ஐந்து வாரத்தில் 13 மி.மீ. 17 ஆகிவிட்டது, இன்னும் மூன்று மாதம் எப்படிக் காத்திருப்பது? இரண்டு ஸ்கேனில் எது தப்பு? போன முறை அல்ட்ராசவுண்டில் கோட்டைவிட்டார்களா? அம்மாவிடம் கல்லீரலில் சின்னக் கொழுப்புக் கட்டி என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம்" என்று முடிகிறது கடிதம்.

சகோதரிக்கு,

முதலில் நீங்கள் அதிகம் பயப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். கட்டி ஐந்து வாரத்தில் 13லிருந்து 17 ஆக வளர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அல்ட்ராசவுண்ட், சிடி, எம்ஆர்ஐ மூன்றும் வெவ்வேறு விதமாகப் படம் பிடிப்பவை. ஒன்றில் அளந்ததை இன்னொன்றில் அளந்ததோடு ஒப்பிட்டு வளர்ச்சியைச் சொல்ல முடியாது. ஒரே சிடியை இரண்டு பேர் அளந்தாலே ஓரிரு மி.மீ. வித்தியாசம் வரும். வளர்ச்சி என்று நாங்கள் கணக்கில் எடுப்பதற்கு ஒரு வரையறை உண்டு: ஆறு மாதத்துக்குள் விட்டம் குறைந்தது 50 சதவீதம் கூட வேண்டும். உங்கள் அம்மாவின் 16 மி.மீ. கட்டி ஆறு மாதத்துக்குள் 24 மி.மீ. ஆனால்தான் அந்தக் கணக்கில் வரும், அதுவும் ஒரே வகை ஸ்கேனில், மருந்து ஏற்றியபின் அதே நேரத்தில் எடுத்த படத்தில் அளந்திருந்தால்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். புற்றுநோயாக இருக்கக் கணிசமான வாய்ப்பு இருக்கிறது. அண்ணன் சொல்வது போல அதை ஒதுக்கிவிட முடியாது.

படத்தை வைத்தே புற்றுநோய் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

பெரும்பாலான புற்றுநோய்களில் திசுவை எடுத்துப் பார்க்காமல் சிகிச்சை தொடங்க மாட்டோம். கல்லீரல் செல்களில் தோன்றும் புற்றுநோய் இதற்கு ஒரு விலக்கு. சிரோசிஸ் உள்ளவர்களிடமும் நாட்பட்ட ஹெப்படைட்டிஸ் பி உள்ளவர்களிடமும், படம் சரியாக அமைந்துவிட்டால் பயாப்சி இல்லாமலே நோயை உறுதி செய்யலாம். காரணம் கல்லீரலின் ரத்த ஓட்டம். சாதாரணக் கல்லீரல் திசு தன் ரத்தத்தில் நான்கில் மூன்று பங்கை, குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாகப் பெறுகிறது. மீதிதான் தமனி வழியாக வருவது. புற்றுக்கட்டியோ வளர வளரத் தமனி ரத்தத்தையே நம்ப ஆரம்பிக்கிறது.

அதனால் ரத்த ஓட்டத்தைப் படத்தில் எடுத்துக்காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்தைக் கையில் ஏற்றி, நேரம் பார்த்து அடுத்தடுத்துப் படம் எடுக்கிறோம். சுமார் 35 விநாடியில் தமனிக் கட்டம்: அப்போது கட்டி சுற்றியுள்ள கல்லீரலைவிடப் பளிச்சென்று தெரிய வேண்டும். ஒரு நிமிடம் தாண்டிப் போர்ட்டல் கட்டம், மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் தாமதக் கட்டம்: அப்போது அதே கட்டி சுற்றுப்புறத்தைவிட மங்கிப்போக வேண்டும். முதலில் பளிச், பிறகு மங்கல். இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் அதுதான் புற்றுநோயின் கையெழுத்து. கட்டியைச் சுற்றி மெல்லிய உறை தெரிவதும், நான் மேலே சொன்ன வளர்ச்சியும் கூடுதல் சாட்சிகள்.

இதையெல்லாம் ஒழுங்குபடுத்தி அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ரேடியாலஜி என்ற அமைப்பு உருவாக்கிய முறைதான் லை-ராட்ஸ். 2011இல் வந்தது, 2018இல் திருத்தப்பட்டது. அதில் வரும் 'எல்ஆர்' எண்ணைப் பலர் நோயின் நிலை என்று நினைத்துக்கொள்கிறார்கள். எல்ஆர்-4 என்றதும் 'நாலாவது ஸ்டேஜா டாக்டர்?' என்று கேட்டு அழுதவர்கள் உண்டு. நிலைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. புற்றுநோயாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் எல்ஆர்-3 என்று குறித்தவற்றில் மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேல் புற்றுநோயாக இருந்திருக்கிறது. எல்ஆர்-4இல் ஏறக்குறைய நான்கில் மூன்று. எல்ஆர்-5இல் நூற்றுக்குச் சுமார் 94. இந்த ஆய்வுகளில் பயாப்சிக்கோ அறுவை சிகிச்சைக்கோ போனவர்கள் அதிகம் என்பதால், 3க்கும் 4க்கும் உரிய எண்கள் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கலாம்.

இரண்டு அறிக்கையும் சரியாக இருக்க முடியுமா?

முடியும். நீங்கள் எழுதியனுப்பிய வரிகளை வைத்தே பார்ப்போம். சிடி அறிக்கை: '16 மி.மீ., தமனிக் கட்டத்தில் பளிச்சென்று தெரிகிறது, பிறகு மங்கவில்லை, உறை இல்லை.' 10 முதல் 19 மி.மீ. வரையுள்ள கட்டி பளிச்சிட மட்டும் செய்தால் விதிப்படி அது எல்ஆர்-3. மங்கவும் செய்திருந்தால் நேராக எல்ஆர்-5 ஆகியிருக்கும். ஆக, ரேடியாலஜிஸ்ட், அதாவது படத்தைப் பார்த்து அறிக்கை தரும் மருத்துவர், எழுதியது சரி.

எம்ஆர்ஐயில் கேடாக்ஸெட்டேட் என்ற மருந்து போட்டிருக்கிறார்கள். இது மற்ற மருந்துகளைப் போல செல்களுக்கு வெளியிலேயே நிற்காது. நல்ல கல்லீரல் செல்கள் இதை உள்ளே இழுத்துக்கொள்ளும். சுமார் 20 நிமிடம் கழித்து எடுக்கும் படத்தில் நல்ல கல்லீரல் வெளுப்பாகவும், மருந்தை இழுக்கத் தெரியாத செல்கள் உள்ள இடம் கறுப்பாகவும் தெரியும். அம்மாவின் கட்டி அதில் கறுப்பாகத் தெரிந்திருக்கிறது. இது ஒரு துணை அறிகுறி. துணை அறிகுறியை வைத்து 3ஐ 4 ஆக்கலாம். எத்தனை துணை அறிகுறி இருந்தாலும் 4ஐ 5 ஆக்கக் கூடாது. எம்ஆர்ஐ பார்த்தவரும் விதியை மீறவில்லை. சிடியில் அந்த 20 நிமிடப் படம் கிடையாது, எனவே அந்தச் சாட்சியும் இல்லை.

கூடவே ஒரு சிக்கல். இந்த மருந்தில் 'மங்குதல்' என்பதைப் போர்ட்டல் கட்டத்தில் மட்டுமே பார்க்க வேண்டும், தாமதக் கட்டத்தில் பார்த்தால் ஏமாற்றிவிடும். அதனால் வேறு மருந்தில் மங்கியிருக்கக்கூடிய ஒரு கட்டி இதில் மங்காதது போலத் தெரியலாம். அப்புறம், எம்ஆர்ஐ அறிக்கையின் மேல் பகுதியில் ஒரு வரி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள்: 'தமனிக் கட்டத்தில் அசைவால் தெளிவு குறைவு.' இதை எல்லோரும் தாண்டிப் போய்விடுவார்கள், நீங்கள் கவனித்திருக்கிறீர்கள், நல்லது. மருந்து ஏறிய உடனே அம்மாவுக்கு மூச்சை அடக்க முடியவில்லை என்றும் சொல்கிறீர்கள். இதே மருந்தில் சிலருக்குச் சரியாகத் தமனிக் கட்டத்தில் சில விநாடி மூச்சு முட்டும். ஆபத்தில்லை, தானே சரியாகிவிடும், ஆனால் படம் கலங்கிவிடும். நோயைத் தீர்மானிக்கும் முக்கியமான படமே அதுதான் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை.

சிடி அறிக்கையிலும் ஒன்றைப் பாருங்கள். எந்தெந்தக் கட்டங்கள் எடுத்தார்கள் என்று முதல் பத்தியில் இருக்கும். தாமதக் கட்டம் எடுக்கவே இல்லையென்றால், 'மங்கவில்லை' என்ற வரிக்குப் பாதி மதிப்புதான். பல கட்டிகள் அந்தக் கடைசிப் படத்தில்தான் மங்கும்.

அல்ட்ராசவுண்டில் அந்தக் கட்டி தனியாகத் தெரிந்தது என்பதும் துணை அறிகுறிகளில் ஒன்று. ஆக மொத்தம், உங்கள் மருத்துவர் சொன்ன அந்தக் குழுவில் நான் இருந்தால் இதை எல்ஆர்-4 என்றே வைத்துக்கொண்டு பேசுவேன்.

துல்லியம் என்று எதைச் சொல்கிறோம்?

"எது நூறு சதவீதம் துல்லியம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். எதுவும் இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரன் அமைப்பின் தொகுப்பாய்வுகளில், புற்றுநோய் இருக்கும் 100 பேரில் சிடி சுமார் 78 பேரிடம் அதைக் கண்டுபிடிக்கிறது, எம்ஆர்ஐ சுமார் 84 பேரிடம். புற்றுநோய் இல்லாத 100 பேரில் சிடி 91 பேரையும் எம்ஆர்ஐ 94 பேரையும் சரியாக 'இல்லை' என்கிறது. இவை எல்லா அளவுக் கட்டிகளையும் சேர்த்த எண்கள். 2 செ.மீ.க்குக் கீழே போனால் கண்டுபிடிக்கும் திறன் இரண்டிலும் இறங்கும். சிடியில் இன்னும் கூடுதலாக. கட்டி சிறியதாக இருக்கும்போது தமனி ரத்தம் முழுதாக வந்திருக்காது, கையெழுத்து பாதிதான் எழுதப்பட்டிருக்கும்.

எம்ஆர்ஐதான் எல்லோருக்கும் மேல் என்றும் சொல்ல மாட்டேன். வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கும், மூச்சை அடக்க முடியாதவர்களுக்கும், இடுக்கமான குழாய்க்குள் படுக்கப் பயப்படுகிறவர்களுக்கும் நல்ல சிடி ஒன்று, கலங்கிய எம்ஆர்ஐயைவிட எவ்வளவோ மேல்.

யாருடைய கல்லீரல் என்பதும் முக்கியம். இந்தக் கையெழுத்து முறை முழுவதும் சிரோசிஸ் போன்ற ஆபத்து உள்ளவர்களுக்காக வகுக்கப்பட்டது. சிரோசிஸே இல்லாத ஒருவருக்கு இதே படம் வந்தால் அதை வைத்துப் புற்றுநோய் என்று சொல்லிவிட முடியாது. அடினோமா போன்ற தீங்கற்ற கட்டிகளும் பளிச்சென்று தெரியும். கல்லீரல் சிரைகள் அடைபட்டதால் வரும் நோயிலும் இந்த விதிகளைப் பயன்படுத்தக் கூடாது. உங்கள் அம்மாவுக்குச் சிரோசிஸ் உறுதி, ஆகவே விதிகள் பொருந்தும். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுத் தன் அறிக்கையைக் கையில் எடுக்கும் வேறு வாசகர்களுக்காகத்தான் இந்த வரிகள்.

போன முறை அல்ட்ராசவுண்டில் கோட்டைவிட்டார்களா என்ற கேள்விக்கு: இருக்கலாம், ஆனால் அதற்கு யாருடைய அலட்சியமும் தேவையில்லை. சுருங்கி முடிச்சு முடிச்சாக இருக்கும் கல்லீரலில் சின்னக் கட்டியைத் தேடுவது கடினம். ஆரம்ப நிலைப் புற்றுநோயில் அல்ட்ராசவுண்ட் மட்டும் கண்டுபிடிப்பது பாதிக்கும் சற்றுக் குறைவு. ஏஎஃப்பியையும் சேர்த்தால் நூற்றுக்கு 63 வரை உயர்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று வைத்திருப்பதே, ஒருமுறை தப்பினாலும் அடுத்த முறை சிறியதாக இருக்கும்போதே சிக்கட்டும் என்றுதான். அம்மாவுக்கு அப்படித்தான் சிக்கியிருக்கிறது.

வீட்டில் பேசிக்கொள்ளும் விஷயங்கள்

அண்ணனுக்கு: கல்லீரல் புற்றுநோய் வந்தவர்களில் நூற்றுக்கு 30, 40 பேருக்கு ஏஎஃப்பி நார்மலாகவே இருக்கும், சிறிய கட்டியில் இன்னும் அதிகம் பேருக்கு. 9 என்பது எதையும் தள்ளுபடி செய்யாது. 4லிருந்து 9 ஆனதும் எதையும் நிரூபிக்காது. இரண்டும் ஒரே ஆய்வகத்தில் பார்த்தவையா என்று மட்டும் பாருங்கள், அடுத்த முறையும் அங்கேயே பாருங்கள். வைரஸ் போனதால் ஆபத்து நன்றாகக் குறைந்திருக்கிறது என்பது உண்மை. ஆனால் சுருங்கிய கல்லீரல் இருக்கும்வரை ஆபத்து முற்றிலும் போகாது. கண்காணிப்பை நிறுத்தாமல் வைத்திருந்ததற்கு உங்கள் மருத்துவரைப் பாராட்ட வேண்டும்.

சித்தப்பாவுக்கு: பெட் ஸ்கேன் வேண்டாம். அது சர்க்கரையை வாங்கித் தேக்கி வைக்கும் செல்களைக் காட்டும் கருவி. ஆரம்ப நிலைக் கல்லீரல் புற்றுச் செல்கள், தாங்கள் பிறந்த கல்லீரல் செல்களைப் போலவே, வாங்கிய சர்க்கரையைத் திருப்பி வெளியே அனுப்பிவிடும். அதனால் இந்தப் புற்றுநோயில் ஏறக்குறைய பாதி அதில் தெரியாது. நோயைக் கண்டுபிடிப்பதற்கு அதை எடுத்து 'ஒன்றுமில்லை' என்று வந்தால், வீடே நிம்மதியாகி அடுத்த ஸ்கேனுக்கு வராமல் போய்விடுவீர்கள் என்பதுதான் என் பயம்.

பெரியம்மாவின் கவலையை நான் ஒதுக்க மாட்டேன். ஊசி போன பாதையில் புற்றுச் செல் விதைப்பது உண்மையில் நடக்கும். தொகுத்த ஆய்வுகளில் அது நூற்றுக்கு மூன்றுக்கும் கீழே, பெரும்பாலும் சிகிச்சையால் சமாளிக்கக்கூடியது. ரத்தக் கசிவு இன்னொரு ஆபத்து. பொதுவாகத் தட்டணுக்கள் 50,000க்கு மேல் இருந்தால் எடுக்கலாம் என்பார்கள். 82,000 என்பது தடையில்லை. பயாப்சியின் பெரிய குறை வேறு. 16 மி.மீ. இலக்கில் ஊசி சற்று விலகினாலும் பக்கத்துத் திசுதான் வரும். சரியாகவே குத்தினாலும், ஆரம்பப் புற்றையும் அதற்கு முந்தைய நிலையான முடிச்சையும் ஒரு சின்னத் துணுக்கில் பிரித்துச் சொல்வது நோய்க்குறியியல் மருத்துவருக்கே திணறலான வேலை. ஆகவே 'புற்றுநோய்' என்று வந்தால் நம்பலாம். 'இல்லை' என்று வந்தால் விஷயம் முடிந்துவிடாது, ஸ்கேன் தொடர வேண்டும்.

அப்படியானால் இப்போது என்ன செய்யலாம்?

மருத்துவர் சொன்ன மூன்று மாதத்தை அலட்சியம் என்று நினைக்காதீர்கள். இந்தப் புற்றுநோயின் கன அளவு இரட்டிப்பாகச் சராசரியாக நான்கைந்து மாதம் ஆகும். கன அளவு இரட்டிப்பானாலும் 16 மி.மீ. விட்டம் சுமார் 20 மி.மீ.தான் ஆகும். 2 செ.மீ.யை ஒட்டிய ஒற்றைக் கட்டிக்கு, ஊசி வழியாக வெப்பத்தால் பொசுக்கும் சிகிச்சை நல்ல பலன் தரும், 3 செ.மீ. வரையிலும் அந்த வாய்ப்பு இருக்கிறது. சில கட்டிகள் சராசரியைவிட வேகமாக வளரும் என்பதால்தான் மூன்று மாதத்தைத் தாண்டக் கூடாது என்கிறோம். தேதியை இன்றே குறித்து வாங்குங்கள்.

இருந்தாலும், எல்ஆர்-4 என்று வைத்துப் பார்த்தால் வெறுமனே காத்திருப்பது என் முதல் தேர்வாக இருக்காது. அந்தக் குழுக் கூட்டத்துக்கு முன்பு மூன்று காரியங்கள்:

* சிடி, எம்ஆர்ஐ இரண்டின் முழு டிஜிட்டல் படங்களையும் கேட்டு வாங்குங்கள். அச்சிட்ட ஃபிலிமும் அறிக்கையும் போதாது. அவை நோயாளிக்குக் கேட்டுப் பெற உரிமையுள்ளவை. முன்பு எப்போதாவது வயிற்று சிடி எடுத்திருந்தால் அதையும் தேடி எடுங்கள்.
* கல்லீரல் படங்களையே அதிகம் பார்க்கும் ஒரு ரேடியாலஜிஸ்ட் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே அறிக்கை எழுத முடியுமா என்று கேளுங்கள். வேறு மையத்துக்கு அம்மாவை அழைத்துக்கொண்டு ஓடி, அங்கே முதலிலிருந்து ஸ்கேன் எடுப்பதைவிட இது பயன் தரும். இரண்டாவது கருத்து கேட்பதால் உங்கள் மருத்துவர் வருத்தப்படுவார் என்று தயங்க வேண்டாம்.
* கான்ட்ராஸ்ட் அல்ட்ராசவுண்ட் செய்யலாமா என்று கேளுங்கள். நுண்குமிழி மருந்தை ஏற்றிக் கட்டியை இடைவிடாமல் பார்ப்பதால் தமனிக் கட்டத்தைத் தவறவிட வழியில்லை, மூச்சு முட்டலும் அதைக் கெடுக்காது. இந்தக் கட்டி சாதாரண அல்ட்ராசவுண்டிலேயே தெரிகிறது என்பதால் அம்மாவுக்கு இது ஒத்துவரும்.

இதில் கையெழுத்து முழுதாகத் தெரிந்தால் பயாப்சி தேவைப்படாமலே போகலாம். தெரியாவிட்டால், கட்டி எட்டக்கூடிய இடத்தில் இருக்கும் பட்சத்தில் பயாப்சிக்குச் சம்மதிப்பதே நல்லது என்பேன். சில மையங்களில் பயாப்சியும் பொசுக்குதலும் ஒரே அமர்வில் செய்கிறார்கள். அதையும் கேட்டுப் பாருங்கள். கல்லீரல் மாற்று சிகிச்சை பற்றிய பேச்சு இருந்தால் மட்டும், அந்தக் குழுவைக் கேட்காமல் ஊசி வேண்டாம். மறு ஸ்கேன்தான் என்று முடிவானால், கல்லீரல் செல்லுக்குள் போகாத சாதாரண கேடோலினியம் மருந்தில் எம்ஆர்ஐ எடுக்கலாமா என்று கேளுங்கள். முந்தைய நாளே அம்மாவுக்கு மூச்சை வெளியே விட்டு 15, 20 விநாடி நிறுத்தும் பயிற்சி கொடுங்கள்.

எதையும் உறுதி செய்யாமல் "எடுத்து எறிந்துவிடுங்கள் டாக்டர்" என்று சொல்லாதீர்கள். எல்ஆர்-4இலும் நான்கில் ஒன்று புற்றுநோயாக இருப்பதில்லை, தட்டணுக்கள் குறைந்த சிரோசிஸ் கல்லீரலில் அறுவை சிகிச்சை சாதாரணக் காரியமும் இல்லை. இடையில் வயிறு வீங்கினாலோ, மஞ்சள் காமாலை வந்தாலோ, கறுப்பாக மலம் போனாலோ, திடீர் வயிற்று வலி வந்தாலோ தேதிக்குக் காத்திருக்காமல் உடனே அழைத்துப் போங்கள்.

கடைசியாக அம்மாவிடம் சொல்வது. நான்கு ஆண்டாகத் தவறாமல் பரிசோதனைக்கு வந்தவர் அவர். எதற்காக அல்ட்ராசவுண்ட் எடுக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? பயாப்சிக்கோ பொசுக்கும் சிகிச்சைக்கோ ஒப்புதல் தர வேண்டியவர் அவர்தான், நீங்களோ அண்ணனோ அல்ல. 'கொழுப்புக் கட்டி' என்று சொல்லிவிட்டு ஊசி குத்தும் அறைவரை கூட்டிப் போக முடியாது. "கல்லீரலில் ஒரு சின்னக் கட்டி தெரிகிறது அம்மா, என்னவென்று இன்னும் உறுதியாகவில்லை, புற்றுநோயாகவும் இருக்கலாம், சிறியதாக இருக்கும்போதே பார்த்துவிட்டோம்" என்று சொல்லுங்கள். இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்பதை அவரே முடிவு செய்யட்டும். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அவரை வெளியே உட்கார வைக்காமல் உள்ளே அழைத்துப் போங்கள். அவருக்கும் கேட்கக் கேள்விகள் இருக்கும்.